மெசி முப்பத்தைந்தும் டபிள் கப்பும்

பரந்தன் சந்தியில் அரை மணி நேரம் நின்றால் வன்னியின் வாகனங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றிவரும் கன்ரர் லொறி, பூநகரிப் பக்கம் திரும்பும் டிமோ பட்டா, நெல் மூட்டை அடுக்கிய பெட்டியை இழுத்தபடி ஏ9 வீதியைக் கடக்கும் சிவப்பு மெசி பேர்கசன். இவற்றுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடி ஏற்றிய டபிள் கப் பிக்கப்புகளும், பிராடோ, பஜெறோ வகை உயரமான ஜீப்புகளும் போகின்றன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இரண்டாவது வகை கூடியிருக்கிறது. ஊரில் மதிப்பும் அதன் பக்கமே சாய்ந்திருக்கிறது. கல்யாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ டபிள் கப்பில் வந்து இறங்குபவருக்குக் கதிரை தேடி ஓடுகிறோம். உழவு இயந்திரத்தில் வந்தவர் அதை வேலியோரம் விட்டுவிட்டு நடந்து வருகிறார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நீண்ட நாளாக எண்ணம். கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இந்த மண் கேட்ட வேலையை எது செய்தது? பழுதானால் இந்த மண்ணிலேயே எதைத் திருத்தி எடுக்க முடியும்?

பழையதிலிருந்து தொடங்குகிறேன். அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்கசன் வடிவமைத்த டிஈ20 என்ற சிறிய சாம்பல் நிற உழவு இயந்திரம் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. கலப்பையைப் பின்னால் மூன்று புள்ளிகளில் பொருத்தி, ஹைட்ரோலிக் விசையால் தூக்கி இறக்கும் முறைதான் அதன் உயிர். அந்த வழியில் வந்ததே மெசி பேர்கசன் 35. அதற்குப் பிறகு 1964இல் 135 வந்தது, பின்னர் 240 வந்தது. எங்கள் ஆட்களுக்கு இவை எல்லாமே ‘மெசி’தான். இந்தியாவின் டஃபே நிறுவனம் அதே வம்சத்தில் செய்தனுப்பிய இயந்திரங்களும் இன்று வயலில் அதே வேலையைச் செய்கின்றன.

இரணைமடுக் குளத்தின் கீழும், முத்தையன்கட்டிலும், விசுவமடுவிலும் குடியேற்றத் திட்டங்கள் வந்த காலத்தில் காட்டை வெட்டிய கைக்கு அடுத்த துணையாக வந்தது இந்த இயந்திரம். 1970 முதல் 1977 வரையிலான சிறிமாவோ ஆட்சியில் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது மறிக்கப்பட்டது. வன்னி மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்த பலர் அந்தக் காசில் வாங்கிய முதல் பெரிய பொருள் உழவு இயந்திரம்தான். வீடு கட்டியது அதற்குப் பிறகு. காலபோகத்தில் உழவு, மாசியில் சூடடிப்பு, அதன் பிறகு நெல் ஏற்றுவது, மணல் பறிப்பது, விறகு கட்டுவது என்று ஆண்டு முழுவதும் வேலை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகும் குடும்பம் பெட்டியில் பாய் விரித்து உட்கார்ந்து போகும். அதே பெட்டிதான் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது. சடலத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனதும் அதுதான்.

1990இல் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் வரவில்லை. 2002 தொடக்கத்தில் தடை நீங்கும் வரை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு நெருக்கமாக, வன்னியின் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடிய விதத்தை அந்தக் காலத்துப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சிறு போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். வெள்ளைப் புகையும் அந்த நெடியும் தெரு முழுக்க நிற்கும். காய்ந்த எஞ்சினுக்கு அடிக்கடி வால்வு தேய்க்க வேண்டிவரும், பிளக் கரி பிடிக்கும். ஆனாலும் ஓடியது.

இதை வெறும் சாமர்த்தியம் என்று சொல்லிவிட்டுப் போவது அந்த மெக்கானிக்மாருக்குச் செய்யும் குறைவு. டிஈ20 வரிசையிலேயே டிஈடி20 என்றொரு மாடல் இருந்தது. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவதற்கென்றே தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டது அது. குறைந்த அமுக்க விகிதம் கொண்ட எஞ்சின் தரம் குறைந்த எரிபொருளையும் தட்டாமல் எரிக்கும். கொவென்றி எஞ்சினியர்மார் வரைபடம் போட்டுச் செய்ததை, எங்கள் கராஜ்காரர் தடைக்குள்ளே, உதிரிப்பாகம் இல்லாமல், கார் எஞ்சினில் செய்து காட்டினார்கள். அந்த எஞ்சின்கள் அதற்கு இடம் கொடுத்தன. மூடியைத் திறந்தால் எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம்.

இன்றைய டீசல் பிக்கப் ஒன்றுக்கு அந்தத் தடைக்காலம் வந்திருந்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்கியிராது என்று நான் நம்புகிறேன். கொமன் ரெயில் என்று சொல்லப்படும் முறையில் டீசல் 2000 பார் அளவிலான அழுத்தத்தில் போகிறது. அதன் பம்பும் இன்ஜெக்ரரும் எரிபொருளின் வழவழப்பையே மசகாக நம்பியிருக்கின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. கொஞ்சம் தூசு, கொஞ்சம் தண்ணீர் போனாலே போதும், இன்ஜெக்ரர் போய்விடும்.

பரந்தனில் ஒரு சின்னக் கராஜில் இந்த வேறுபாட்டைக் கிட்ட நின்று பார்த்தேன். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரை. மேசையில் கையால் அமுக்கும் ஒரு பம்பு, அதன் தலையில் ஒரு அழுத்தமானி. மெசியில் இருந்து கழற்றிய நொசிலை அதில் பூட்டிவிட்டு கராஜ்கார அண்ணை கைப்பிடியை ஒரு தரம் அமுக்கினார். முள் இருநூறைத் தொடுவதற்கு முன்பே டீசல் சீறிக்கொண்டு புகையாக வெளியே வந்தது. மற்ற நொசில் சீறவில்லை, நுனியில் துளியாகத் தேங்கிச் சொட்டியது. “இதுதான் கறுப்புப் புகை அடிக்கிறதுக்குக் காரணம்” என்றார். கழற்றினார், டீசலில் கழுவினார், உள்ளே ஒரு மெல்லிய வாசரைப் போட்டு மறுபடி பூட்டினார். சீறியது. இயந்திரத்தை ஸ்ரார்ட் பண்ணி, ஸ்குறூட்றைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். வேலை முடிந்தது.

முற்றத்தில் புது டபிள் கப் ஒன்று நின்றது. டாஷ்போர்ட்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, வேகம் எடுக்க மறுத்து, இழுத்துக்கொண்டுவந்து விடப்பட்டது. அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “இது என்ர காதுக்குச் சொல்லாது தம்பி, கொம்பியூட்டருக்குத்தான் சொல்லும். ஆள் கொழும்புக்குக் கொண்டுபோகப் போறார்” என்றார். தெரியாத வேலையைத் தொட்டுக் கெடுக்கக் கூடாது என்ற நேர்மை அந்தப் பேச்சில் இருந்தது. ஆனால் ஒரு மாவட்டத்தின் வாகனங்கள் இப்படி ஒவ்வொன்றாக அந்த மாவட்டத்தின் கைகளை விட்டுப் போவதை யோசித்தால் மனம் கனக்கிறது. திருத்துக் கூலி கொழும்புக்குப் போகிறது. அதோடு அறிவும் போகிறது.

அடுத்தது சுமை. ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 1968இல் ஜப்பானில் வந்தபோது அகலம் 1580 மில்லிமீற்றர், நீளம் 4.3 மீற்றருக்குள். ஒரு தொன் அளவு சுமை ஏற்றும் வேலைக்கார வாகனம். 2015இல் வந்த எட்டாம் தலைமுறை ஹைலக்ஸின் அகலம் 1855 மில்லிமீற்றர், நீளம் 5.3 மீற்றர். ஏறத்தாழ ஓரடி அகலமும் ஒரு மீற்றர் நீளமும் கூடியிருக்கின்றன. சுமையோ இன்னும் அந்த ஒரு தொன்னைச் சுற்றியே நிற்கிறது. கூடிய இடமெல்லாம் கபினுக்குப் போய்விட்டது. ஒற்றைக் கபின் பிக்கப்பின் பெட்டி ஏழரை அடி. டபிள் கப்பில் அது ஐந்தடி. சாதாரணச் சைக்கிள் ஒன்றைப் படுக்கப்போட்டால் பின்கதவு பூட்டாது. நெல் மூட்டையாகக் கணக்குப் பார்த்தால் பதினைந்து மூட்டையோடு அதன் ஒரு தொன் முடிந்துவிடும். வரப்பு ஓரத்தில் நிற்கும் பழைய மெசி நாற்பது, ஐம்பது மூட்டையைப் பெட்டியில் இழுத்துக்கொண்டு வயலை விட்டு ஏறிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கு இன்னும் பெரிதாக. ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பின் 1970களின் மாடலில் நீளத்தின் மூன்றில் இரண்டு பங்களவு பெட்டியாக இருந்தது. இன்றைய மாடல்களில் அந்த விகிதம் தலைகீழாகிவிட்டது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் உறவுகள் அங்கத்தைய பிக்கப்புகளின் படத்தைப் போனில் காட்டும்போது நான் முதலில் தேடுவது பெட்டியைத்தான்.

பெருத்தது நீள அகலம் மட்டுமில்லை, மூக்கின் உயரமும்தான். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பொனற் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வாகனங்கள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள சரிவான பொனற் கொண்ட வாகனங்களைவிட, மோதும்போது நடந்து செல்பவரைக் கொல்லும் வாய்ப்பு 45 சதவீதமளவு அதிகம் என்று கண்டது. தாழ்ந்த கார்கள் காலை அடிக்கின்றன, உயரமான மூக்கு மாரையும் தலையையும் அடிக்கிறது என்பதே விளக்கம். கிளிநொச்சியில் காலை ஏழு மணிக்கு ஏ9 வீதியின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். போருக்குப் பின் காப்பெற் போட்டு வழுவழுப்பாக்கிய அந்த வீதியில் அவர்களின் தோளுயரத்துக்கு மூக்கை வைத்துக்கொண்டு ஜீப்புகள் பறக்கின்றன.

பழையதன் குறையை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. இரவில் பின்விளக்கு இல்லாத பெட்டியோடு ஏ9 வீதியில் ஏறும் உழவு இயந்திரம் எத்தனையோ மோட்டார் சைக்கிள்காரரின் உயிரை எடுத்திருக்கிறது. பெல்ற் கிடையாது, எயார் பாக் கிடையாது, குடை சாய்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பிக்கூடும் பெரும்பாலும் கிடையாது. குளக்கட்டில் சரிந்து அதன் கீழே அகப்பட்டவர்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். புகையும் சத்தமும் தனி. ஆற்று மணலைக் கள்ளமாக அள்ளுவதற்கு ரிப்பரோடு உழவு இயந்திரமும் துணை போகிறது. வேலை செய்யும் வாகனம் என்பதற்காக அது செய்யும் எல்லா வேலையும் நல்ல வேலை ஆகிவிடாது.

புதியதிலும் உண்மையான வேலைக்காரர் உண்டு. கண்ணிவெடி அகற்றும் அணிகளோடு காட்டோரம் காயக்காரரை ஏற்ற ஆயத்தமாக நிற்கும் நான்கு சில்லும் இழுக்கும் வண்டியை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ரொயோட்டா லான்ட் குறூசரின் 70 வரிசை 1984 முதல் பெரிய மாற்றமில்லாமல் இன்னும் செய்யப்படுகிறது. சுரங்கங்களும் மருத்துவ அணிகளும் அதைத்தான் கேட்கின்றன. அதே கொம்பனி 2021இல் கொண்டுவந்த 300 வரிசை தோல் இருக்கைக்கும் தொடுதிரைக்கும் பேர்போனது. ஆகவே கோடு விழுவது வயதால் இல்லை. ஒரு வாகனத்தில் போட்ட இரும்பும் காசும் சுமைக்குப் போனதா, ஏறியிருப்பவரின் தோற்றத்துக்குப் போனதா என்பதால்தான்.

வன்னியில் இந்தக் கோடு மிகக் கடுமையாக விழுந்த காலம் 2008, 2009. 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது, வெளியேறுங்கள் என்று அரசாங்கம் சொன்னதும், ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் போயின. போகவேண்டாம் என்று சனம் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று கேட்டது. வெள்ளை ஜீப்புகள் ஓமந்தைப் பக்கம் போய்விட்டன. அதற்குப் பிறகு அந்த மக்களோடு நின்றவை உழவு இயந்திரமும் இரு சில்லு லாண்ட் மாஸ்ரரும் சைக்கிளும்.

கூரைத் தகரத்தைக் கழற்றி, கதவு நிலையைப் பெயர்த்து, நெல் மூட்டையையும் கோழிக்கூட்டையும் ஏற்றி, அதன்மேல் கிழவியையும் குழந்தையையும் இருத்தி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு முள்ளிவாய்க்கால் என்று அந்தப் பெட்டிகள் நகர்ந்தன. 1995இல் வலிகாமத்திலிருந்தும் 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் வெளிக்கிட்டபோது பழகிய வேலைதான், இந்தமுறை திரும்பி வர வழி இல்லை. பெட்டிக்குக் கீழே படுத்தார்கள், பெட்டியோரம் சமைத்தார்கள். சொந்தமாக இயந்திரம் இல்லாதவர்கள் அயலவரின் பெட்டியில் ஒரு மூலை கேட்டார்கள். மறுத்தவரும் உண்டு, கூலி கேட்டவரும் உண்டு, தன் சாமானை இறக்கிவிட்டு ஆளை ஏற்றியவரும் உண்டு. 2009 மேக்குப் பிறகு அந்தக் கடற்கரைத் துண்டில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த உழவு இயந்திரங்களுக்கும் லொறிகளுக்கும் நடுவே, எஞ்சின் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தங்களுடையதைத் தேடிய கமக்காரர்கள் இரும்பைத் தேடவில்லை. அடுத்த காலபோகத்தைத் தேடினார்கள்.

ஜீப் போனதற்கு ஜீப்பில் குற்றமில்லை. அதில் இருந்தவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் எந்த வாகனம் யாருக்குச் சொந்தம், எந்த வாகனம் யாரோடு நிற்கும் என்பதை அந்தச் செப்டெம்பர் வன்னிக்குத் தெளிவாகக் காட்டியது. அதைக் கண்ட ஊர், மதிப்பை இன்னும் உயரமான கபினுக்கே கொடுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு டபிள் கப் பெருகியது எப்படி என்பதும் தெரிந்த கதைதான். திட்டங்கள் வந்தன, ஒவ்வொரு திட்டத்தோடும் வாகனம் வந்தது, திட்டம் முடிந்தும் வாகனம் நின்றது. வெளிநாட்டுக் காசு வந்தது. லீசிங் கொம்பனிகள் சந்திக்குச் சந்தி கடை திறந்தன. கடனுக்கு எடுத்த உழவு இயந்திரத்தை ஒரு போகம் பொய்த்ததும் பறிகொடுத்த குடும்பங்கள் எங்கள் கிராமங்களில் நிறைய. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தபோது, எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப விழும் வரிகளோடு புது டபிள் கப் ஒன்றின் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டில் ஜனாதிபதி செயலகம் தன் ஆடம்பர வாகனங்களை ஏலத்தில் விட்டது. அந்த முடிவை நான் மனதார வரவேற்கிறேன்.

2022இன் எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டை வந்தபோது முதலில் அறிவித்த வாராந்தப் பங்கு காருக்கு 20 லீற்றர், உழவு இயந்திரங்கள் அடங்கும் தரை வாகனத்துக்கு 15 லீற்றர். வயலை உழுவதைவிட வீதியில் ஓடுவதற்குக் கூட எரிபொருள் என்று கணக்குப் போட்டவர்கள் சோறு எங்கிருந்து வருகிறது என்பதை ஒருகணம் யோசித்திருக்க வேண்டும். கமநல சேவை நிலையங்களின் வாசலில் டீசலுக்கு நின்ற கமக்காரரின் கோபம் நியாயமானது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் அதிகாரிகளிடமும், ஊருக்கு உதவ நினைக்கும் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் என் வேண்டுகோள் இது. ஒரு திணைக்களத்துக்கோ சங்கத்துக்கோ வாகனம் வாங்கும்போது பெட்டியின் நீளத்தை முதலில் அளந்து பாருங்கள். ஒற்றைக் கபின் போதுமான இடத்தில் டபிள் கப் வாங்காதீர்கள். அதைத் திருத்தக்கூடிய கராஜ் இந்த மாவட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். பெட்டி வைத்திருக்கும் கமக்காரர் ஒவ்வொருவரும் இந்தக் காலபோக அறுவடைக்கு முன் பின்விளக்கும் ஒளி தெறிக்கும் சிவப்பு ஒட்டியும் பூட்டிவிட வேண்டும், அதற்குச் செலவு ஒரு மூட்டை நெல்லின் விலைகூட வராது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில் படிப்பிக்கிறார்கள். புது வண்டியின் கொம்பியூட்டரை வாசிக்க அங்கு எங்கள் பிள்ளைகள் பழக வேண்டும். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய மெக்கானிக்மாரில் பலருக்கு இப்போது எழுபது வயதாகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, அவர்கள் கைவேலையைப் படிப்பிக்கக் கேளுங்கள். இந்த ஆண்டே கேளுங்கள்.